2024 ஆண்டறிக்கை: ஈயமும் குறைமருந்தும் ஒரு பித்தளைக் கம்பியும்

பழைய பட்டாளத்து ரைஃபிள்களில் வெடிமருந்தைக் குறைத்து, நாமே வார்த்த ஈயக் குண்டுகளைச் சுடும் நம் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கூட்டத்தில் நான் எழுந்து நின்று படித்திருக்க வேண்டிய அறிக்கை இது. பனியால் கூட்டம் நடக்கவில்லை, அதனால் எழுத்திலேயே வருகிறது. ஒரு விதத்தில் நல்லது, நடுவில் யாரும் கையைத் தூக்க முடியாது.

கணக்கு வழக்கை முதலில் முடித்துவிடுகிறேன். உறுப்பினர்கள் இப்போது 41 பேர், போன ஆண்டைவிட மூன்று பேர் அதிகம். சந்தாவை உயர்த்தவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனித்தாளில் தந்திருக்கிறார், கேள்வி இருந்தால் அவரைப் பிடியுங்கள். மாதப் போட்டிகளில் பத்து நடந்தன, பிப்ரவரியில் பனியும் ஜூலையில் இடிமழையும் கெடுத்துவிட்டன. ஓஹையோவில் இருந்துகொண்டு வானிலையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்த மூவரும் முதல் நாளே கேட்டது ஒரே கேள்விதான்: பட்டாளத்து ரைஃபிளை எதற்காக இவ்வளவு மெதுவாகச் சுடுகிறீர்கள்? அமெரிக்கப் பட்டாளத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் பட்டாளத் தோட்டா போட்டால் குண்டு நொடிக்கு 2,700 அடிக்கு மேல் பறக்கும். நாம் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்த குண்டை 1,400 முதல் 1,600 அடிக்குள் அனுப்புகிறோம். 100 கெஜத்தில் காகிதத்தில் ஓட்டை போட அது தாராளம். உதை குறைவு, குழல் தேய்வதில்லை, கடைத் தோட்டா விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு, எழுபதைத் தாண்டிய நம் உறுப்பினர்கள் ஒரு காலைப்பொழுதில் அறுபது தோட்டா சுட்டுவிட்டுத் தோளைத் தடவாமல் வீட்டுக்குப் போகிறார்கள். இது நாம் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்க ராணுவமே காவல் வேலைக்கென்று வெடிமருந்து குறைத்த தோட்டா செய்து வைத்திருந்தது.

குறியில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டின் போர்க்குறி, அதாவது குறிக்கருவியை மடக்கி வைத்தால் கிடைக்கும் குறி, 547 கெஜத்துக்கு வைத்தது, சுவீடனின் எம்96 ரைஃபிளில் மிகக் குறைந்த குறியே 300 மீட்டர். பட்டாளத் தோட்டாவைப் போட்டு 100 கெஜத்தில் சுட்டால் குண்டு அரையடிக்கும் மேலே போய் உட்காரும். மெதுவான குண்டு தாழ்ந்து விழுவதால், பல ரைஃபிள்களில் அது தானாகவே கறுப்பு வட்டத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. எல்லா ரைஃபிளிலும் அப்படி அமையாது, எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் படுத்தியது ஒரு .303 லீ-என்ஃபீல்டு, பழைய பிரிட்டிஷ் பட்டாள ரைஃபிள். இஷாப்பூர் முத்திரை குத்தியது, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் பிறந்து எத்தனை கை மாறியோ எரி ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மார்ச் போட்டியில் அது போட்ட ஓட்டைகள் வட்டமாக இல்லை, சாவித் துவாரம் மாதிரி நீளமாக இருந்தன. குண்டு குப்புறப் புரண்டு போகிறது என்று அர்த்தம். ஈயம் கெட்டியாக இல்லை, மருந்து அதிகம், மெழுகு போதவில்லை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். மூன்று மாதம் போயிற்று. கடைசியில் ஒருவர், இத்தனை நாள் யாருமே செய்யாத வேலையைச் செய்தார்: மெத்தென்ற ஈயக்கட்டி ஒன்றைக் குழலுக்குள் தட்டி மறுபக்கம் எடுத்து அளந்தார். குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளத்தின் விட்டம் 0.316 அங்குலம். நாம் போட்டுக்கொண்டிருந்த குண்டு 0.312. வார்ப்புக் குண்டு பள்ளத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்காவது பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். ஐந்து வரி உள்ள குழலில் பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வருவதால் சாதாரணக் காலிப்பரால் விட்டம் எடுப்பதே தலைவலி, அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போட்டிருந்தோம். அச்சின் இரு பாதிகளுக்கு இடையே மெல்லிய அலுமினிய நாடா ஒட்டிக் குண்டைக் கொஞ்சம் பருக்க வைத்தோம். ஆகஸ்டில் அந்த ரைஃபிள் வட்டமான ஓட்டை போட்டது. இனிமேல் அளக்காமல் யாரும் யாருக்கும் வைத்தியம் சொல்ல வேண்டாம், நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஈயத்துக்கு வருவோம். கார் சக்கரத்தில் ஒட்டும் எடைக்கட்டிகளை வாளி வாளியாக வாங்கி உருக்கிய காலம் போய்விட்டது. பல மாநிலங்கள் ஈய எடையைத் தடை செய்தபின் வாளியில் பாதி இரும்பும் துத்தநாகமும்தான். இரும்பு மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். துத்தநாகம் அப்படியில்லை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419-இல். சட்டியை 370-ஐத் தாண்டவிடாமல் வைத்தால் துத்தநாகம் உருகாமல் மேலே வந்து நிற்கும். பொறுமை இல்லாமல் சூட்டை ஏற்றினால் முழுச் சட்டியும் பாழ். மே மாதம் அப்படித்தான் ஒரு சட்டி கஞ்சி போலத் திரண்டு போனது. பழைய அச்சகம் ஒன்றிலிருந்து லைனோடைப் எனும் எழுத்து வார்க்கும் உலோகக் கட்டிகள் கொஞ்சம் கிடைத்தன. அதில் ஆன்டிமனி 12 சதவீதம், வெள்ளீயம் 4 சதவீதம், மெத்தென்ற ஈயத்தைக் கெட்டியாக்க அதைவிட நல்ல சரக்கு இல்லை. அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், கேட்டு வாங்குங்கள்.

வார்ப்பு நாளில் தண்ணீர் பாட்டில் மேசைக்குப் பத்தடி தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி தொடர்கிறது. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு நீர் அகப்பட்டால் நொடியில் ஆவியாகிச் சட்டியிலிருப்பதைக் கூரை வரை தூக்கி அடிக்கும். காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியதுபோல் என்று பேச்சுக்குச் சொல்வோமே, அது நிஜமாகவே நடந்துவிடும். அப்புறம் இரத்தத்தில் ஈயம்: சட்டிப் புகையைவிட நம்மைக் கெடுப்பது தூசிதான். சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைத் துலக்கும் எந்திரத்தின் தூசியில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் ஈயம் இருக்கிறது. கை கழுவாமல் டோநட்டை எடுப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் இரத்த ஈய அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் சம்பவத்தைப் பற்றிப் பல கதைகள் உலவுவதால் நடந்ததை எழுதிவிடுகிறேன். போட்டியின் நடுவே ஒரு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம், உதை இல்லை. சுட்டவர் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றப் போனார். களப் பொறுப்பாளர் ஓடி வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். கம்பி விட்டுப் பார்த்தால் குழலின் நடுவில் குண்டு சிக்கி நிற்கிறது. கூட்டில் மருந்தே இல்லை, பிரைமர் மட்டும் தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். அந்தச் சுட்டவர் நான்தான். அன்று மாலை அதே பெட்டியில் மீதி இருந்த 37 தோட்டாக்களையும் பிரித்துப் பார்த்தோம். ஒன்றில் இரட்டை மருந்து. எனக்கு நினைவிருக்கிறது, மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது, பேசிவிட்டு வந்து எந்தக் கூட்டில் விட்டேன் என்று குத்துமதிப்பாகத் தொடர்ந்தேன்.

இங்கேதான் குறைமருந்தின் வம்பு. முழுத் தோட்டாவில் மருந்து கூட்டின் கழுத்து வரை நிற்கும், இரண்டு முறை போட்டால் வழிந்து மேசையில் கொட்டும். நாம் போடுவது வேகமாக எரியும் மருந்து, ஸ்பிரிங்ஃபீல்டின் .30-06 தோட்டாக் கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், இரட்டிப்பாகப் போட்டாலும் கூட்டுக்குள் அடங்கிவிடும். மெதுவான தோட்டாதானே என்ற அலட்சியம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. பெரிய கூட்டை நிரப்புவதற்கென்றே வந்த டிரெயில் பாஸ் மருந்து சில ஆண்டுகளாகக் கடைகளில் கண்ணில் படவில்லை. எச்4895 என்ற மருந்தை உச்ச அளவில் 60 சதவீதத்துக்குக் குறையாத அளவு வரை இறக்கலாம் என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. அதை மற்ற மருந்துகளுக்கும் நீட்டிக்கொள்ளாதீர்கள். எந்த அளவையும் இந்த அறிக்கையில் எழுத மாட்டேன், அச்சான கையேட்டைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

அக்டோபர் செயற்குழு முடிவுகள்: மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. குண்டு வைக்கும் முன் எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி விளக்கடித்து உள்ளே பார்க்க வேண்டும். போன் வெளி அறையில். மருந்து அசையாமலிருக்கக் கூட்டுக்குள் பஞ்சு அடைப்பதா வேண்டாமா என்று ஒன்றேகால் மணி நேரம் சண்டை போட்டோம், சிலருக்கு அது துல்லியம், சிலருக்கு அது தோட்டா உட்காரும் சேம்பரில் வளையம் விழ வைக்கும் வேலை. களத்தில் வேண்டாம் என்று முடிவானது. குறைமருந்தில் பிரைமர் பின்னுக்குத் தள்ளி நிற்காமலிருக்க, பிரைமரின் தீ உள்ளே போகும் துளையைப் பெரிதாக்கிய கூடுகளுக்குச் சிவப்பு மை அடையாளம் கட்டாயம், அவற்றில் முழுமருந்து ஒருபோதும் கூடாது.

800,000-க்குக் கீழே எண் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 1903 ரைஃபிள்களுக்கும், 285,507-க்குக் கீழே எண் உள்ள ராக் ஐலண்டு ஆலையின் 1903 ரைஃபிள்களுக்கும் நம் களத்தில் இடமில்லை. அந்தக் கால உலைச்சூட்டில் எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போயிருக்கிறது, தேசியப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெர்ரியிலும் போட்டிக்கு அவற்றை ஏற்பதில்லை. மெதுவான தோட்டாதான் போடுவேன் என்று இரண்டு பேர் கேட்டீர்கள். செப்டம்பரில் என் பெட்டியில் இருந்ததும் மெதுவான தோட்டாதான்.

ஏப்ரலில் வார்ப்பு நாள், தேதி பிறகு வரும், கையுறையும் கண்ணாடியும் கொண்டுவாருங்கள். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது நின்றால் சந்தோஷமாக விலகிக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: என் குழலிலிருந்து குண்டைத் தட்டி எடுத்த சங்கத்துப் பித்தளைக் கம்பி நவம்பரிலிருந்து காணவில்லை. எடுத்தவர் தயவுசெய்து திருப்பி வையுங்கள், பெயர் கேட்க மாட்டேன்.