நாவல் அலமாரிகளைத் திருப்பித் தாருங்கள்: நூலக அதிகாரி அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் நூலகத்தை மேற்பார்வையிடும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் கிளை நூலகத்தின் இரவல் பிரிவில் சன்னலை ஒட்டி நின்ற இரண்டு நாவல் அலமாரிகள் காலி செய்யப்பட்டதையும், அவற்றிலிருந்த புத்தகங்கள் சணல் கயிற்றால் கட்டப்பட்டு வேனில் ஏற்றப்பட்டதையும் தாங்கள் அறிவீர்கள். அவை 'எடுப்பார் இல்லாத பழைய நூல்கள்' என்று அதற்குக் காரணம் எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன். அந்த அலமாரிகளைப் பழையபடி நிரப்பித் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். இருமுறை மனுக் கொடுத்தும் பதில் வராததால், ஊரார் அறிய எழுத வேண்டியதாயிற்று.

நான் தாமிரபரணிக் கரையில் உள்ள இந்த ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தாயார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியே எங்களை ஆளாக்கினார். இப்போது விழித்திரை கெட்டு, எதிரில் நிற்பவரின் முகம்கூட அவருக்குத் தெரிவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர் பீடித் தட்டுகளோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் இலை வெட்டித் தூள் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்க, நான் நாவல் ஒன்றை உரக்கப் படிப்பேன். கடந்த ஓராண்டில் இப்படி 23 நாவல்கள் படித்து முடித்திருக்கிறோம். அத்தனையும் தாங்கள் அப்புறப்படுத்திய அந்த இரண்டு அலமாரிகளிலிருந்து வந்தவை. அவற்றைத்தான் எடுப்பார் இல்லாதவை என்று எழுதியிருக்கிறார்கள். எடுத்தவள் நான் என்பதால், அவற்றுக்காகச் சாட்சி சொல்லும் கடமையும் எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

தொடங்கியது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தில். தெலுங்கு நாட்டிலிருந்து மானத்துக்கும் உயிருக்கும் அஞ்சித் தெற்கே நடந்துவந்த குடும்பங்களின் கதையை, நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் சொல்லக் கேட்கும் நாவல் அது. படிப்பது நான் என்பதையே மறந்து, அந்த மூதாட்டியே எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டதைப்போல என் தாயார் இடையிடையே அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டுக்குத் தீ வைத்து நிலம் திருத்தும் பகுதியை மட்டும் மூன்று நாள் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

பூமணியின் 'வெக்கை'யை அந்தப் பெண்களிடம் படிக்கத் தயங்கினேன். 15 வயதுச் சிறுவன் சிதம்பரம் ஒருவரை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்கும் நாவல் அது. 2019இல் திரைப்படமாக வந்த கதை என்று தெரிந்ததும், படத்தைப் பார்த்திருந்த இளையவள் அடுத்து வருவதை முந்திக்கொண்டு சொல்ல முற்பட்டாள். ஆனால் படத்தில் அவள் பார்த்தது வேறு, நாவலில் இருப்பது வேறு. அப்பனும் மகனும் மலையிலும் ஓடைக்கரையிலும் ஒளிந்து திரிகையில் எதைப் பொங்கினார்கள், எதைப் பறித்துத் தின்றார்கள் என்பதை ஆசிரியர் விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு நாளும் நான் புத்தகத்தைத் திறந்ததும் என் தாயார் கேட்ட முதல் கேள்வி, "ஏளா, அந்தப் பிள்ள இன்னைக்கு என்னத்தத் தின்னான்?" என்பதுதான். கொலைக்கதை என்று நான் அஞ்சிய நாவலைப் பசித்த பிள்ளையின் கதையாக அவர் கேட்டார். அவர் கேட்டதே சரியான வாசிப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

எல்லா நாவல்களும் எங்களுக்கு உவப்பாக இருந்தன என்று சொல்லமாட்டேன். அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' திண்ணையில் எடுபடவில்லை. பெண் படிக்க வேண்டும் என்று 1898இலேயே இந்தச் சீமையில் பிறந்த ஒருவர் நாவல் எழுதியிருக்கிறாரே என்ற மதிப்பு எனக்கு இருந்தாலும், கதையை நிறுத்திவிட்டு அவர் புத்தி சொல்லும் இடங்களில் தட்டுகள்மேல் தலைகள் கவிழ்ந்தன. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் தென்கோடிக் கடற்கரைப் பேச்சு முதல் முப்பது பக்கங்களுக்கு எங்களைத் திணறடித்தது. பிறகு, பழம்பெருமையைச் சொல்லிக்கொண்டு வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் முஸ்தபாக்கண்ணு மீது வந்த கோபத்தில் மொழியின் கடினம் மறந்துபோயிற்று. வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு'வை நான் எனக்காக மட்டும் இரண்டு இரவுகளில் படித்தேன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் பாளையங்கோட்டையில் அந்தத் தெருவழியே எத்தனையோ முறை நடந்தும், அதன் வீடுகளுக்குள் மனிதர்கள் இருப்பதை அன்று பார்க்காமல் போனேனே என்ற வருத்தம் வந்தது.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. உப்புநீரில் நின்று வேலை செய்கிறவர்களின் கால்கள் படும் பாட்டை நான் படித்த அன்று ஒருவரும் பேசவில்லை. கத்தரிக்கோல் இலை வெட்டும் ஓசை மட்டும் கேட்டது. சற்று நேரம் கழித்து என் தாயார் தம் வலக்கை விரல்களை நீட்டி, நகக்கண்ணில் நாற்பது ஆண்டுப் புகையிலைத் தூள் ஏற்றிய பழுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்நாவலைப் பற்றி நான் எழுதக்கூடிய எந்த மதிப்புரையும் அதற்கு ஈடாகாது.

இனி என் முறையீட்டுக்கு வருகிறேன். சென்ற மாதம் நாங்கள் படித்துக்கொண்டிருந்தது தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. த.நா. குமாரஸ்வாமி வங்காளத்திலிருந்து தமிழாக்கிச் சாகித்திய அகாதெமி வெளியிட்ட நாவல். நாடி பிடித்துப் பார்த்துச் சாவு வரும் காலத்தையே சொல்லிவிடுகிற முதிய வைத்தியர் ஜீவன் மஷாய்க்கும், ஊருக்குப் புதிதாக வந்த ஆங்கில மருத்துவர் பிரத்யோத்துக்கும் பிணக்கு முற்றும் இடத்தில் இருந்தோம். எண்பது வயதில் கண் போன ஒருவருக்கு இந்தக் கதை வெறும் கதையன்று என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும்போதே அவர் தம் இடக்கை மணிக்கட்டைத் தாமே பிடித்துக்கொண்டு கேட்பார்.

14 நாள் தவணை முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் புத்தகத்தை நேரில் கொண்டுவர வேண்டும் என்ற விதிப்படி கொண்டுசென்றேன். இருப்புச் சரிபார்ப்பு நடப்பதால் ஒப்படைத்துவிட்டு அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். விதியை மதித்து ஒப்படைத்தேன். அடுத்த வாரம் சென்றபோது அலமாரி இருந்த இடத்தில் சுவரின் வெளிறிய நிறம்தான் இருந்தது. அங்கிருந்த ஊழியர் என்னைவிட மிகவும் வருந்தினார். அவரை நான் குறை சொல்லவில்லை. வீடு திரும்பியதும் என் தாயார், "வைத்தியரு என்ன ஆனாருளா?" என்று கேட்டார். அன்று முதல் நாள்தோறும் கேட்கிறார். திருநெல்வேலி சந்திப்பிலும் பாளையங்கோட்டையிலும் கடை கடையாகத் தேடிவிட்டேன். கைவசம் இல்லை என்கிறார்கள். நானே ஒரு முடிவைப் புனைந்து சொல்லிவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். கண் தெரியாத தாயிடம் பொய்யான பக்கங்களைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

காலியான இடத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மேசைகள் வரவிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களில் சிலர் என்னிடம் அரிச்சுவடி படித்தவர்கள். அவர்களுக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடே இல்லை. மேசை போடுவதற்காக நாவல்களை வெளியேற்றத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி. மாடியில் உடைந்த நாற்காலிகள் அடைந்துகிடக்கும் அறை ஒன்று இருக்கிறது. அதைத் தாங்களே வந்து பார்க்கலாம்.

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தை விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக நிறைவேற்றியது நம் மாநிலம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். என் தாயார் ஆயிரம் பீடிக்குக் கிடைத்த கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய வீட்டுக்கும் ஆண்டுதோறும் அந்த வரி கட்டப்படுகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகத்தை எடை போட்டு அனுப்பும் முன், உறுப்பினர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அறிவிப்புப் பலகையில் நான்கு வரி எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா? ஆண்டுதோறும் நெல்லையில் புத்தகத் திருவிழா நடத்தி, இந்த மண் பெற்றெடுத்த எழுத்தாளர்களின் பெயர்களை மேடையில் அடுக்குகிறோம். விழா முடிந்த மறுநாள், பதினைந்து ரூபாய் பேருந்துக் கட்டணத்தையும் எண்ணிச் செலவு செய்யும் ஒரு பெண் அவர்களைப் படிக்க விரும்பினால், அவள் எங்கே போவாள்? எங்கள் திண்ணைக்கு வரும் மூவரில் ஒருத்திக்கும் சொந்தமாக ஒரு நாவல் கிடையாது. நூலகம் தராவிட்டால் அவர்களுக்குத் தருவார் யாரும் இல்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது முன்பு கேட்டதேதான்: அந்த நாவல் அலமாரிகளைத் திருப்பித் தாருங்கள். வேனில் போன கட்டுகள் இன்னும் எங்கேனும் பிரிக்கப்படாமல் இருக்குமானால், அவற்றை மீட்டு, கிழிந்தவற்றுக்கு அட்டை போட்டு, எங்கள் நூலகத்துக்கே அனுப்பிவையுங்கள். அட்டை போடும் வேலையை ஊரிலுள்ள நாங்கள் சிலர் கூலியின்றிச் செய்து தர அணியமாக இருக்கிறோம்.

அந்தக் கட்டுகளில் 'ஆரோக்கிய நிகேதனம்' தங்கள் கண்ணில் படுமானால் ஒரு சிறிய வேண்டுகோள். நாங்கள் நிறுத்திய பக்கத்தில், அடையாளத்துக்காக என் தாயார் வெட்டிக் கொடுத்த பீடி இலைத் துண்டு ஒன்று இருக்கும். குப்பை என்று எண்ணி அதை எடுத்துவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்