எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: ஃபில்டர் இல்லாத ஒரு போட்டோ வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதம் ஓவிய வகுப்பில் அவரவர் முகத்தை வாட்டர் கலரில் வரையப் போகிறார்கள். அதற்கு உங்களிடமிருந்து ஒரு போட்டோ தேவை. ஒரு போட்டோவுக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று நினைக்காதீர்கள், அது எப்படிப்பட்ட போட்டோ என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பாஸ்போர்ட் சைஸ் வேண்டாம். ஸ்டுடியோவில் எடுத்து வெளுப்பாக்கிக் கொடுத்ததும் வேண்டாம். காலை வேளையில் பிள்ளையை ஜன்னல் பக்கமாக உட்காரவைத்து, ஃபிளாஷை அணைத்து, போனில் இருக்கும் பியூட்டி மோடையும் அணைத்துவிட்டு எடுங்கள் (பல போன்களில் அது நாம் கேட்காமலே வேலை செய்துகொண்டிருக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள்). ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் நிழலும் விழ வேண்டும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் மூக்கு எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது, பிறகு பிள்ளை எதைப் பார்த்து வரையும்?

முறை எளிமையானது. முகம் 12 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம் வருகிற மாதிரி பிரிண்ட் எடுத்து, அதன்மேல் 2 செ.மீ. கட்டங்கள் போடுவார்கள். குறுக்கே 1 முதல் 6 வரை, கீழ்நோக்கி அ முதல் ஐ வரை, மொத்தம் 54 கட்டங்கள். ஏ3 அளவு வாட்டர் கலர் பேப்பரில் அதே 54 கட்டங்களை 4 செ.மீ. அளவில் போட்டு, ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அந்தந்தக் கட்டத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1525-லேயே காம்பஸும் ஸ்கேலும் கொண்டு அளந்து வரைவதைப் பற்றிப் புத்தகம் போட்டவர், கட்டம் கட்டிய சட்டத்தின் வழியாகப் பார்த்து வரையும் ஓவியனை மரச்செதுக்குப் படமாகவே செய்து காட்டியிருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம், அண்ணா சாலையில் நாம் அண்ணாந்து பார்த்த சினிமா பேனர்களும் ஒரு சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டுப் பெரிதாக்கியவைதான். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் அதைக் கையால் எழுதிய ஓவியர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், வகுப்புக்கு அழைக்க ஆசை.

கட்டம் போடுவது காப்பி அடிப்பது ஆகாதா என்று ஒரு அப்பா கேட்டார். ஆகாது. சும்மா வரையச் சொன்னால் பிள்ளைகள் தெரிந்ததை வரைகிறார்கள், பார்ப்பதை அல்ல: கண் என்றால் ஒரு மீன், நடுவே ஒரு வட்டம், அதையும் நெற்றியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். உண்மையில் தலையின் உயரத்தில் ஏறக்குறைய சரிபாதியில்தான் கண் இருக்கிறது. ஊ-3 கட்டத்தை மட்டும் பார்க்கும்போது அங்கே மூக்கு என்று ஒன்றும் இல்லை, ஒரு வளைந்த நிழலும் அதன் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியும்தான் இருக்கின்றன. அதை அப்படியே வரைந்துவிட்டு, பக்கத்துக் கட்டங்களும் முடிந்தபின் தள்ளி நின்று பார்த்தால் தன் மூக்கு!

அப்புறம் நிறம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். போன வாரம் ஒத்திகை வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "சார், என் டப்பாவுல ஸ்கின் கலர் தீந்துடுச்சு" என்றாள். அவள் சொன்னது அந்த வெளிறிய ரோஸ் வண்ணக் கட்டியை. எங்கள் ஓவிய ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), துளி அல்ட்ராமரைன் நீலம் மூன்றையும் கலந்து ஒரு துண்டுத் தாளில் பட்டை பட்டையாக இழுத்துக் கொடுத்து, முன்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவளே நீலத்தைக் கூட்டிக் குறைத்து, தண்ணீர் விட்டு, ஒன்பதாவது பட்டையில் கண்டுபிடித்தாள். அந்தப் பட்டைக்குக் கீழே தன் பெயரை எழுதிக்கொண்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பதின்மூன்று வருடமாக டப்பாவில் இருந்த வேறு யாருடைய நிறத்தையோ தன் தோல் என்று நம்பியிருக்கிறாள். அதனால்தான் கேட்கிறேன், வீட்டில் படத்தைப் பார்த்து "கொஞ்சம் கலரா போட்டிருக்கலாமே" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.

பிரஷை வாங்கித் திருத்திக் கொடுக்கவும் வேண்டாம். வாட்டர் கலரில் வெளிச்சம் என்பது வண்ணம் படாமல் விட்டுவைத்த தாள்தான், இளசில் தொடங்கி அடர்த்திக்குப் போக வேண்டும், ஒருமுறை இருட்டாக்கிவிட்டால் முழுதாகத் திரும்ப முடியாது. கட்டக் கோடுகளையும் எச்.பி. பென்சிலால் மெல்லத்தான் போட வேண்டும், மேலே வண்ணம் காய்ந்துவிட்டால் ரப்பருக்கு அசையாது.

தடிமனான 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் தாளைப் பள்ளியே தருகிறது. 2, 6 எண் ரவுண்டு பிரஷ்கள், ஒரு ஸ்கேல், ஒரு பழைய பருத்தித் துணி மட்டும் கொடுத்தனுப்புங்கள். பிரிண்ட் எடுக்க வசதியில்லை என்றால் போனிலிருந்தே வகுப்பாசிரியருக்கு அனுப்பினால் போதும், பள்ளியில் எடுத்துக்கொள்கிறோம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் போட்டோ வந்துவிட்டால் திங்களன்று கட்டம் போடத் தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை