ஃபுல் போர்ட் சாப்பாட்டுத் திட்டம்: கிடைக்காத வேளைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருமாறு கோரல்

மட்டக்களப்பு
2025.01.27

முகாமையாளர்,
முன்பதிவுப் பிரிவு.

ஐயா / அம்மணி,

பாசிக்குடாவிலுள்ள உங்கள் விடுதியில் ஜனவரி 18 சனிக்கிழமை முதல் 20 வரை, இரண்டு இரவுக்கு ஃபுல் போர்ட் (அறையோடு மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த திட்டம்) எடுத்து முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்தோம். பெரியவர்கள் மூவர், அரைக் கட்டணத்தில் ஒரு பிள்ளை. ஆறு வேளை என்று சொல்லித்தான் பணம் வாங்கினீர்கள். கிடைத்தது ஐந்து வேளை. அதிலும் ஒரு வேளை, வாங்கிய விலைக்குப் பாதிகூடப் பெறாது.

ஹாஃப் போர்டில் காலையும் இரவும் உண்டு. ஃபுல் போர்டில் கூடுவது மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். அதற்காக ஆளுக்கு நாளொன்றுக்கு 5,500 ரூபாய் கூடுதலாக எடுத்தீர்கள். இரண்டு இரவுக்கு இரண்டு மத்தியானம். ஒன்று நடு நாளில் வரும். மற்றது வந்த நாளிலோ போகிற நாளிலோ வந்தாக வேண்டும். உங்கள் நேர ஒழுங்கிலோ அதற்கு வழியே இல்லை. அறை கொடுப்பது 2 மணிக்கு, சாப்பாட்டு மண்டபம் மூடுவது 2.30க்கு. 1.50க்கே வந்தும், அடையாள அட்டையைப் பிரதி எடுத்து, படிவம் நிரப்பி, கையில் பட்டி கட்டி முடிய 2.35 ஆகிவிட்டது. மண்டபத்தில் மேசை விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "போற நாள் சாப்பிடுங்க" என்றார்கள். போகிற நாளில் அறையை 11 மணிக்கு விட வேண்டும், மத்தியானச் சாப்பாடு தொடங்குவதோ 12.30க்கு. அதுவரை இருப்பதற்குத் தாமதக் கட்டணம் கேட்டார்கள். கட்டிய சாப்பாட்டைச் சாப்பிட இன்னொரு கட்டணமா? இது பணியாளர் விட்ட பிழை அல்ல. இந்த நேரங்களை வைத்துக்கொண்டு இரண்டு மத்தியானம் விற்றதுதான் பிழை.

19ஆம் திகதி மத்தியானத்தில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பாரை மீன் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் சூடாக, தாராளமாக இருந்தன. உங்கள் சமையற்காரர்கள் கைதேர்ந்தவர்கள்.

அன்றிரவு பஃபே இல்லை, ஆட்கள் குறைவு, தட்டில்தான் தருவோம் என்றார்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும், பாசிக்குடாவில் கூட்டம் இராது. பத்துப் பேருக்குப் பஃபே வைத்தால் பாதி வீணாகும் என்பதும் நியாயம். ஆனால் சாப்பாடு குறைந்தால் விலையும் குறைய வேண்டும். வந்தது ஃபிரைட் ரைஸ், ஒரு கோழித் துண்டு, ஒரு கரண்டி சலாது, கரமல் புடிங். அதே தட்டு உங்கள் விலைப்பட்டியலில் 1,850 ரூபாய். சேவைக் கட்டணம் 10 வீதம், வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம், மற்ற வரி எல்லாம் போட்டாலும் 2,500ஐத் தாண்டாது. திட்டத்தில் இராச் சாப்பாட்டுக்கு நீங்கள் வைத்த விலை 6,500.

முதல் நாள் இரவு நண்டுக் கறியிலும் இதே கதைதான். விளம்பரத்தில் "கடலுணவு பஃபே" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. மற்றக் கறிகளோடு வரிசையில் இருந்த நண்டுச் சட்டிக்குப் பின்னால், கரண்டி சாய்த்து வைத்த இடத்தில், விரலளவு அட்டை ஒன்று: கூடுதல் கட்டணம் என்று ஆங்கிலத்தில் மட்டும். கரண்டியை எடுத்த பிறகுதான் அது கண்ணில் படும். பற்றுச்சீட்டில் 3,200 ரூபாய் ஏறியிருந்தது.

ஆகவே நாங்கள் கேட்பது: கிடைக்காத மத்தியானத்துக்கு மூன்றரைப் பங்கு 19,250, தட்டுச் சாப்பாட்டில் ஆளுக்கு 4,000 வீதம் 14,000, நண்டுக்கு 3,200, மொத்தம் 36,450 ரூபாய். அடுத்த முறைக்கு விலைக்கழிவு தருவதாக வரவேற்பு மேசையில் சொன்னார்கள். அது வேண்டாம், பணமாகத் தாருங்கள்.

முன்பதிவுப் படிவத்தையும் திருத்துங்கள். திட்டம் எந்த வேளையில் தொடங்கி எந்த வேளையில் முடிகிறது, மண்டபம் திறக்கும் மூடும் நேரம், எத்தனை பேருக்குக் குறைந்தால் பஃபே நிற்கும், எந்தக் கறிக்குத் தனிப் பணம், வெளியே போகிறவர்களுக்குப் பார்சல் கட்டித் தருவீர்களா என்பவை பணம் கட்டுமுன் தமிழிலும் இருக்க வேண்டும். இவை தெரிந்திருந்தால் ஹாஃப் போர்ட்டே எடுத்திருப்போம். பகலில் குடும்பிமலைக்கோ வாகரைக்கோ போகிற குடும்பத்துக்கு வாழைச்சேனையில் நல்ல சோறு கறி கிடைக்கும். மூன்று வேளையும் விடுதியை விட்டு அசையாதவர்களுக்குத்தான் ஃபுல் போர்ட் கட்டுப்படியாகும், அதுவும் மூன்று வேளையும் உண்மையில் கிடைத்தால்.

14 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்வோம். முன்பதிவு உறுதிக் கடிதம், விளம்பரப் பிரதி, பற்றுச்சீட்டு, நண்டுச் சட்டியின் படம், வங்கிக் கணக்கு விபரம் ஆகியன இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த குடும்பத்தினர்