இதயத்துக்குப் பின்னால்

அன்புள்ள மாலினி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். ஆனால் போன கடிதத்தைப் பாதியில் விட்டு 'ஃபிளைட் ஓட்ட நேரமாச்சு' என்று முடித்தவள் நீதான். சுதா நலம். கோபாலன் சார் இன்னும் அதே குடையோடுதான் வருகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியின் ரேடியாலஜி பிரிவில் மார்பு எக்ஸ்ரே பார்க்க ஏஐ மென்பொருள் வந்து ஒரு வருஷமாகிறது. சந்தேகமான இடத்தில் மஞ்சள் கட்டம் போடும். நல்ல கருவிதான், என் கண்ணுக்குத் தப்பிய விலா எலும்பு முறிவுகளைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. போன மாதம் ஒரு இரவு டியூட்டியில் ஒரு படத்தில் கட்டமே இல்லை. 'நார்மல்' என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன். காலையில் சீனியர் அதே படத்தைத் திறந்து, இதய நிழலின் மேல் விரலை வைத்தார். பின்னால் ஒரு சின்னக் கட்டி.

நுரையீரல் உச்சி, காறை எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குப் பின்னால். படத்தை மூடுமுன் இந்த இடங்களை இன்னொரு தடவை பார் என்று பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித் தருவார்கள். பன்னிரண்டு வருஷம் பார்த்தேன், மாலினி. எந்த நாளில் நிறுத்தினேன் என்றே தெரியவில்லை. அதுதான் தூங்கவிடவில்லை. நோயாளியை உடனே கூப்பிட்டு சிடி எடுத்து, சிகிச்சையும் தொடங்கிவிட்டது.

நீ சொன்ன ஏர் பிரான்ஸ் 447 விமான விபத்து அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2009 ஜூன் 1. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் ஐஸ் அடைத்து வேகக் கணக்கு குழம்பியதும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. நாலரை நிமிஷத்துக்குள் அட்லாண்டிக்கில் 228 உயிர்கள். விமானிகள் விமானத்தின் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனதை நீ ஒரு ஸ்பூனைத் தூக்கிக் காட்டி விளக்கியபோது, 'அனுபவசாலிகள் எப்படி இப்படிச் செய்வார்கள்?' என்று கேட்டேனே, இனிமேல் கேட்க மாட்டேன். சுலபமான வேலையை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் கஷ்டமானதைப் பழக்கம் விட்டுப்போன மனிதரிடம் தள்ளுகிறோம் என்று லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இலேயே எழுதியிருக்கிறார்.

எங்கள் நிர்வாகம் 'இறுதி முடிவு மருத்துவருடையது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது. அதோடு, மென்பொருள்தான் இருக்கிறதே என்று ஆளுக்குப் பார்க்க வேண்டிய படங்களையும் கூட்டிவிட்டது. பொறுப்பு என் தலையில். நின்று பார்க்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கோபம் கோபமாக வருகிறது.

இப்போது கட்டங்களை மறைத்துவிட்டு முதலில் நானாகப் பார்த்து எழுதிவிடுகிறேன், பிறகுதான் திறக்கிறேன். படத்துக்கு ஒரு நிமிஷம் கூடுகிறது. எனக்காவது திரும்பப் பிடிக்க ஒரு பழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கட்டமில்லாத படத்தைப் பார்த்ததே இல்லையடி.

நீங்கள் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டிப் பழகுகிறீர்களே, எத்தனை நாளுக்கு ஒருமுறை? அந்த நேரத்தை யாரிடம், எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? அடுத்த வாரம் கூட்டம் இருக்கிறது, அதற்குள் எழுது.

உன்
கீதா