வேட் நோபிள்ஸ் வாசிப்பு மாலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன சனிக்கிழமை கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் நாம் நடத்திய கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கறுப்பின உளவியலாளர் வேட் நோபிள்ஸின் எழுத்தைத் தமிழில் வாசித்துப் பேசுவதுதான் திட்டம். அவரை நாம் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் சால்வை, மாலை, போட்டோ என்று பொழுது போயிருக்கும். ஒருவர் எழுதியதைப் படித்து, அதோடு மல்லுக்கட்டுவதைவிடப் பெரிய மரியாதை ஏது?

முதல் நன்றி, கட்டுரைகளைத் தமிழில் சுருக்கித் தந்த தம்பிக்கு. 1972, 1973, 1974 என்று அடுத்தடுத்து வந்த மூன்று கட்டுரைகள். பகல் வேலை முடித்து ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைகளின் கோபம் புரிய வேண்டுமானால் 1965க்குப் போக வேண்டும் என்று முன்னுரையில் அவர் எழுதியதுதான் அன்றைய பேச்சுக்கே வழி போட்டது.

அந்த ஆண்டு, அமெரிக்கத் தொழிலாளர் துறையில் உதவிச் செயலராக இருந்த டேனியல் பேட்ரிக் மோய்னிஹன் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். அடிமைமுறையும் வேலையின்மையும் செய்த கொடுமையை அவர் மறைக்கவில்லை. ஆனால் அம்மாவை நடுவில் வைத்து ஓடும் குடும்பத்தை ஒரு சிக்கலாகவே, ஏறத்தாழ நோயாகவே பார்த்தார். நோபிள்ஸ் கேட்டது வேறு கேள்வி. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்த்தால் அது உடைந்த குடும்பமா, பெரிய குடும்பமா? வெள்ளைக்காரர் வீட்டுக்குத் தைத்த சட்டையைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்துவிட்டு, உடம்பு கோணல் என்று சொல்லலாமா? ஆப்பிரிக்காவிலிருந்து வந்த உறவுமுறை அமெரிக்கச் சூழலில் எப்படி உயிரோடு நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். கென்யாவின் ஜான் எம்பிட்டி எழுதிய ‘நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்’ என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, ‘நான்’ என்பதே தனி ஆள் அல்ல, தன் கூட்டத்தையும் சேர்த்ததுதான் என்று வாதாடினார். அப்படியானால் தனி ஆளை மட்டும் வைத்துச் செய்த சுயமதிப்பு ஆய்வுகளெல்லாம் எதை அளந்தன? 1973 கட்டுரை முழுக்க இந்தக் கேள்விதான்.

அடுத்த நன்றி, விருந்தினராக வந்து பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு. (அவருக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிவிட்டேன்.) 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாடு நடந்தபோது கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கம் கண்ட கதையை அவர்தான் சொன்னார். அதைத் தொடங்கியவர்களில் நோபிள்ஸும் ஒருவர். அப்புறம் ஐ.க்யூ. தேர்வை, அதாவது புத்தியை அளக்கிறோம் என்று பள்ளிகள் வைத்த தேர்வை, எதிர்த்துக் கறுப்பினப் பிள்ளைகள் போட்ட வழக்குக்கு வந்தார். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்போது சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் 28.5 சதவீதம். அந்தத் தேர்வை வைத்து மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கிய வகுப்புகளிலோ 66 சதவீதம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் கறுப்பின உளவியலாளர்கள் வழக்குத் தொடுத்த பிள்ளைகளைத் திரும்பச் சோதித்தார்கள். முதலில் பிள்ளையோடு பழகினார்கள், அதற்குப் பழக்கமான பேச்சில் கேட்டார்கள், விடையில் இருக்கும் புத்தியைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அந்த வகுப்புக்கு ஒதுக்க வைத்திருந்த 75 என்ற எல்லைக்கு எல்லாப் பிள்ளைகளும் மேலே வந்துவிட்டார்கள். ‘உன்னைவிடச் சின்னப் பையன் சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய்’ என்பது அந்தக் காலத்துத் தேர்வில் ஒரு கேள்வி. திருப்பி அடிக்க மாட்டேன் என்றால் புத்திசாலி. அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதே என்று சொல்லி வளர்க்கும் தெருவில் பிறந்த பிள்ளைக்கு மதிப்பெண் போச்சு! 1971இல் தொடங்கிய வழக்கில் நீதிபதி ராபர்ட் பெக்கம் 1979இல் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தார்.

அதே ஆசிரியர் நம்மையும் சும்மா விடவில்லை. நம்மில் ஒருவர், இது அப்படியே எங்கள் கூட்டுக்குடும்பம் மாதிரி என்றதும் அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, உங்கள் கூட்டுக்குடும்பத்தில் அம்மாவை ஓர் ஊருக்கும் பிள்ளையை இன்னோர் ஊருக்கும் ஏலத்தில் விற்றார்களா என்று கேட்டார். சரிதான். விற்றுப் பிரித்த பிறகும், ரத்த உறவில்லாதவரை மாமா என்றும் அத்தை என்றும் சேர்த்துக்கொண்டு மறுபடி கட்டிய குடும்பம் அது. நம்முடையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் அந்த உழைப்பு கண்ணில் படாமல் போய்விடும். இதைச் சொன்னதற்கே அவருக்கு இன்னொரு நன்றி.

பழைய எகிப்தைத் தொட்டு நோபிள்ஸ் பிற்காலத்தில் எழுதியவற்றைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது. எனக்கு அந்தப் பகுதி முழுசாக ஒட்டவில்லை என்பதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் மனத்தை நைல் நதிக்கரையில் தேடுவது ரொம்பத் தூரம் போவதாகப் படுகிறது. எதிர்த்துப் பேசிய தங்கைக்கும் நன்றி. அவர் வாதம்தான் என்னைவிடப் பலமாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். ஆனால் இதே ஓக்லாந்தில் கறுப்பினக் குடும்ப வாழ்வுக்கும் பண்பாட்டுக்கும் என்று ஓர் ஆய்வு நிறுவனத்தையே நோபிள்ஸ் தொடங்கினார், சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார், வளரும் பையன்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். கட்டுரையோடு நிற்காத மனிதர் என்பதில் எங்கள் இருவருக்கும் சண்டை இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காராமணி போட்டுச் சோறு ஆக்கிவந்த அம்மையாருக்கு என்ன சொல்வது? புகையூட்டிய வான்கோழித் துண்டு, வெங்காயம், கொஞ்சம் மிளகாய், அவ்வளவுதான். கறுப்பினக் குடும்பங்களில் புத்தாண்டுக்குச் செய்வது, நமக்காக இப்போதே செய்தார். காராமணியின் பூர்வீகமே மேற்கு ஆப்பிரிக்கா என்று அவர் சொன்னபோது, ஊரில் அதைச் சுண்டலாகத் தின்று வளர்ந்த நமக்குக் கொஞ்சம் வாயடைத்துத்தான் போனது. சைவக்காரர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் வைக்கவும் மறக்கவில்லை. நம் ஆட்களின் தயிர்சாதமும் மிச்சமாகவில்லை.

அறை தந்த நூலகத்தாருக்கும், நேரம் முடிந்த பிறகும் விளக்கை அணைக்காமல் காத்திருந்த காவலருக்கும், நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போன கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. மைக் கடைசிவரை கரகரத்தது. அதை ஆடாமல் பிடித்துக்கொண்டே நின்றவருக்குத் தனி நன்றி.

தமிழ்ச் சுருக்கம் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், அனுப்புகிறேன். 1974 கட்டுரையின் நகலை வாங்கிப்போனவர்கள் படித்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மூடியில்லாத ஓர் எவர்சில்வர் அண்டா என் கார் டிக்கியில் கிடக்கிறது. யாருடையது என்று சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
கூட்டத்தை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவர்