ஓசூர் மெட்ரோவுக்கு எந்த மின்சாரம்?

ஆசிரியருக்கு,

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. ஆர்.வி. சாலையிலிருந்து சுமார் 19 கி.மீ. வரும் ரயில், நம் எல்லைக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. அதை ஓசூர் வரை நீட்டுவது பற்றி ஊரில் நடக்கும் பேச்செல்லாம் ஸ்டேஷன் எங்கே வரும், மனை விலை எவ்வளவு ஏறும் என்பதுதான். தண்டவாளத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சிக்கலே அங்கேதான்.

பெங்களூருவில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு மின்தண்டவாளம் போகிறது. 750 வோல்ட் நேர்மின்சாரம். ரயிலின் அடியில் உள்ள பாகம் அதைத் தொட்டபடியே மின்சாரம் எடுக்கிறது. ஓசூர் நீட்டிப்பை நம் பக்கத்தில் ஆராய்ந்த சென்னை மெட்ரோவிலோ 25,000 வோல்ட் மாறுமின்சாரம், தலைக்கு மேல் கம்பியில். தண்டவாள அகலம் இரண்டிலும் 1,435 மில்லிமீட்டர்தான். சக்கரம் உருளும், மோட்டார் ஓடாது.

லண்டனில் தேம்ஸ்லிங்க் ரயில்கள் ஓடும் வழியிலேயே இரண்டுக்கும் மாறிக்கொள்கின்றன. ஆனால் அதற்கென்றே செய்த பெட்டிகள் அவை. இந்தச் சின்னத் தொலைவுக்கு அவ்வளவு தேவையா? பெங்களூரு முறையையே ஓசூர் வரை வைத்துவிடலாம். இல்லை, சென்னை முறைதான் என்றால் சரி, இறங்கும் நடைமேடையின் எதிர்ப்பக்கத்திலேயே அடுத்த ரயில் நிற்க வேண்டும். மாடி ஏறி, பாலம் கடந்து, மறுபடி டிக்கெட் எடு என்றால், எல்லையிலுள்ள அத்திப்பள்ளி நெரிசலில் நின்றாலும் பஸ்ஸே மேல் என்று என்னைப் போன்றவர்கள் திரும்பிவிடுவோம்.

தினப் பயணி,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்