மெத்தையை இடிக்கும் முன்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள மல்லிகா,

திருப்பாப்புலியூர் வீட்டு மெத்தையை, அதுதான் அந்தப் பழைய சுண்ணாம்புத் தளக் கூரையை, இடித்துவிட்டுக் கான்கிரீட் போடப் போகிறாயாமே! நேற்று வசந்தா சொல்லித்தான் தெரியும். பங்குனிக்குள் முடித்துவிட வேண்டுமென்று கான்ட்ராக்டரிடம் பேசியும் விட்டாயாம். போன் போட்டால் ராஜி வீட்டு நிச்சயதார்த்தத்தில் யார் யார் என்ன புடவை கட்டினார்கள் என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சாம்பாரில் கிடக்கும் கடுகைக்கூட எண்ணுகிறார். பிரியா பெங்களூரில்தான் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் சிக்னல் இல்லை என்கிறாள். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சித்திரையில் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, காய்ச்சல் என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். காய்ச்சல் இல்லை மல்லிகா, வெக்கை. மனுஷர் வெயிலில் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பின்கட்டு மாடி அறையில், ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தவர். காலையில் காபி கொண்டு போனால் என்னைப் பார்த்து “நீ யாரும்மா?” என்றார். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. வயதானால் தாகமே சரியாகத் தெரியாதாம். பகல் சூட்டை ராத்திரியில் உடம்பு ஆற்றிக்கொள்ள வேண்டும், ராத்திரியும் சூடாக இருந்தால் அதற்கு வழியில்லை என்று டாக்டர் சொன்னார். பிழைத்துக்கொண்டார், இப்போது சீட்டு ஆடுகிறார். ஆனால் அந்தக் காலை நேரம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உன் அம்மா எந்த அறையில் படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

அதன் பிறகு நான் சின்னதாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அறை அறையாக மாட்டிப் பார்த்தேன். “வீட்டுக்கு ஜுரம் பார்க்கிறாள்” என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எங்கள் முன்கட்டு உங்கள் வீடு மாதிரியேதான்: தேக்குக் கைமரம், அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தலாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவை, மேலே செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதற்கும் மேலே தட்டையான தட்டோடு. பின்கட்டு மட்டும் மாமா வேலையில் இருந்தபோது கட்டிய கான்கிரீட். அக்கினி நட்சத்திரத்தில் ராத்திரி 11 மணிக்கு முன்கட்டில் 31 டிகிரி, பின்கட்டு மாடியில் 36. ஒரே வீடு, ஒரே காற்று! ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி சூடு. மே மாத வெயிலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேல்பக்கம் 60 டிகிரியைக்கூடத் தொட்டுவிடும். பகலெல்லாம் குடித்த சூட்டை அது சாயங்காலத்துக்கு மேல்தான் உள்பக்கம் இறக்கும், நாம் படுக்கப் போகிற நேரமாகப் பார்த்து. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் தலையில் தள்ளுகிறது.

இதற்கு ஆசைப்பட்டா நீ மெத்தையை இடிக்கிறாய்?

ஒழுகுகிறது என்பாய். ஃபெஞ்சல் புயலில் யார் வீடுதான் ஒழுகவில்லை? 2024 நவம்பர் 30 ராத்திரி கரை கடந்தது, ஒரே நாளில் இங்கே 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் கான்கிரீட் பக்கம்தான் முதலில் ஒழுகியது. உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து உப்பி, சிமெண்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. கடலோரத்தில் கான்கிரீட்டுக்கு இந்த வியாதி சகஜம். சுண்ணாம்புத் தளத்தில் துருப்பிடிக்க என்ன இருக்கிறது? தட்டோட்டு இடுக்கு விட்டுப்போயிருக்கும், தூம்பு வாய் அடைத்திருக்கும், கைமரம் சுவருக்குள் போகிற இடத்தில் உளுத்திருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு முனையாகக் குத்திப் பார்க்கச் சொல். மரம் பொதபொதவென்று உள்வாங்கினால் அந்தக் கைமரத்தை மட்டும் மாற்று. இரண்டு பல் சொத்தையென்று தாடையையே எடுப்பார்களா? சுருக்கியைச் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துத் திரும்பப் போடலாம். ஆனால் தளத்தின்மேல் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு பூசித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடும். வாயை அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி மரத்தைத் தின்னும். சுவரில் சிமெண்ட் பூசினால் உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டுவதும் இதனால்தான்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டில் வெக்கை வந்ததற்கும் மெத்தைக்கும் சம்பந்தமே இல்லை என்பது என் கட்சி. சின்ன வயசில் மே லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வந்து கூடத்துச் சிவப்புத் தரையில் வெறும் பாய் போட்டுத் தூங்கவில்லையா நாம்? அப்போது அதே மெத்தைதானே. 2011 டிசம்பரில் தானே புயலில் மேற்குப் பக்கத்து வேம்பு விழுந்தது. அதற்குப் பதிலாக நீங்கள் ஒரு செடிகூட வைக்கவில்லை. இரண்டு மணிக்கு மேல் அந்தச் சுவர் முழுக்க வெயில். அடுத்து, சாரல் அடிக்கிறதென்று உன் அண்ணன் முற்றத்தின் மேல் பைபர் ஷீட் போட்டார். முற்றம் புகைபோக்கி மாதிரிதானே வேலை செய்தது? சூடான காற்று அது வழியாக மேலே ஏறிப் போகும், திண்ணைப் பக்கமிருந்து கடல்காற்று உள்ளே வரும். அதற்கு மூடி போட்டாயிற்று. மூடியும் வெயிலை அப்படியே உள்ளே விடுகிற மூடி! அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, ஏற்கெனவே கேரம்போர்டு விவகாரம் பாக்கி இருக்கிறது. ஷீட்டை நான்கு பக்கமும் இரண்டடி தூக்கி வைத்தால்கூடப் போதும். மழையும் வராது, காற்றும் போகும்.

மேற்குச் சுவருக்கு முருங்கையோ புங்கனோ வை. அது வளரும் வரை கீற்றுத் தட்டி கட்டு, அல்லது பச்சை வலை. வெயிலை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினால்தான் பிரயோஜனம், உள்ளே திரை போடுவதற்குள் சூடு வந்துவிட்டது. வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்கலாமே என்று ஆரம்பிக்காதே, உங்கள் ஊரில் வேர் விளைகிறது என்கிற பெருமை எனக்கும் தெரியும். அது வேலூருக்குச் சரி. நம் கடல்காற்றில் ஏற்கெனவே ஈரம் சொட்டுகிறது, அதில் இன்னும் ஈரத்தைச் சேர்த்தால் புழுங்கித்தான் போகும். ஏர் கூலருக்கும் இதே கதை.

எங்கள் கான்கிரீட்டுக்கு என்ன செய்தேன் என்று கேட்பாய். சைக்கிளில் போகும்போது கோல்கொண்டாவைப் பார்ப்போமே, நீ மதில் ஏறப் பார்த்து வாட்ச்மேன் துரத்திய அதே அரவிந்தர் ஆசிரமக் கட்டடம். அதுவும் கான்கிரீட்தான், 1930களின் கடைசியில் ஆரம்பித்தது. ஏசி கிடையாது. ஆன்டனின் ரேமண்ட் என்கிற ஆர்க்கிடெக்ட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளைக் கவிழ்த்து, நடுவில் காற்று ஓட இடம் விட்டிருக்கிறார். வெயில் மேல் ஓட்டோடு நின்றுவிடும். நம் ஜனங்கள் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடுவதும் அதே கணக்கு. நான் பாதித் தளத்துக்குப் பந்தல் போட்டேன், மீதிக்குப் பெவிகால் கலந்த சுண்ணாம்பு அடித்தேன். வெள்ளை நிறம் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஐப்பசி மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும்தான். பொங்கல் கழிந்ததும் தேய்த்துக் கழுவித் திரும்ப அடிக்க வேண்டும். மாடி அறை ராத்திரியில் இப்போது 33க்குள் நிற்கிறது. மாமா அங்கேயேதான் படுப்பேன் என்கிறார், பிடிவாதம்.

ஏசி வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரு அறையில் போடு. கூடத்தில் போடாதே, பதினான்கு அடி உயரத்தைக் குளிர வைத்துக் கட்டுப்படியாகாது. சாமி அறைக்குப் பக்கத்துச் சின்ன அறை போதும். முதலில் ஊதுபத்தி ஏற்றி, கதவு ஓரம், ஜன்னல் சட்டம், வெண்டிலேட்டர் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பிடித்துப் பார். புகை எங்கே இழுக்கப்படுகிறதோ அங்கேதான் உன் பணமும் போகும். கதவடியில் பிரஷ் பட்டி, சட்டத்தில் ரப்பர் பட்டி ஒட்டு; வெண்டிலேட்டருக்குக் கண்ணாடிக் கதவு வை, ஏசி ஓடாதபோது திறந்துவிடலாம். 24க்குக் கீழே இறக்காதே. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்.

ஃபேன்களைத் தயவுசெய்து மாற்று. உன் பழைய ஃபேன் 75 வாட், இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் உங்கள் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். உங்கள் பக்கம் 500 யூனிட்டைத் தாண்டினால் அடியில் இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறிவிடுகிறதே, அதற்காகவாவது செய். எங்களுக்கு மாதாமாதம் பில், மாதாமாதம் அவர் முகம்.

எங்கள் முன்கட்டைச் சரிபார்த்த மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் வேறு வேலைக்கு ஈடு செய்துகொள்ளச் சொல்லலாம், கொடுக்கவில்லை என்றால் வாயைத் திறக்காதே. மேஸ்திரி பார்க்க வருவதற்குக் காசு வாங்க மாட்டார். ஆனால் சாப்பாட்டில் குறை வைத்தால் வாய்விட்டே சொல்லிவிடுவார், நெத்திலிக் குழம்பு வைத்துவிடு. ஏணி உங்கள் வீட்டில் இருக்கிறதா, இல்லை அதையும் சுப்பு அண்ணன் கொண்டு போய்விட்டாரா? உடனே பதில் சொல், மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
பானு